கிஷன் பெயரில் ஒரு பிளகின்

யுகேந்திரனும் கிஷனும் சேர்ந்து, கணினியில் உறுமி மேளத்தின் ஒலியைத் தரும் ஆடியோ பிளகின் என்ற சிறு மென்பொருள் ஒன்றைச் செய்திருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் யுகேந்திரன் அதை விண்டோஸுக்கு உருவாக்குவான். கிள்ளானில் கிஷன் மேக்குக்கு உருவாக்கித் தன் பெயரில் வெளியிடுவான். நிறுவும்போது திரையில் அந்தப் பெயர் வரும்.

கிஷன் இறந்த பிறகு மேக்குக்குப் புதிய சிஸ்டம் வந்தது. பிளகின் அதில் திறக்கவில்லை. திருத்தி வெளியிட மேக் கணினி வேண்டும், யுகேந்திரனிடம் அது இல்லை. கிஷனின் மேக்கைக் கேட்டு அவன் கிள்ளானுக்குப் போனான்.

“எடுத்துக்குங்கண்ணே,” என்றாள் கிஷனின் மனைவி ஷாமினி. “அவர் பேருலதானே வரும்?”

“இல்லம்மா. வெளியிடுறதுக்கு அவன் வச்சிருந்த அக்கவுண்ட் முடிஞ்சிருச்சு. என் பேருலதான் போடணும்.”

“உங்க பேரு நீளம், திரையில எடம் பத்தாதுன்னு சொல்வாரு.”

யுகேந்திரன் சிரிக்க முயன்றான்.

ஷாமினி மேக்கைத் திறந்து பழைய பிளகினை நிறுவ அழுத்தினாள். கணவனின் பெயர் வந்தது.

“இந்த மேக்லயும் சிஸ்டத்த மாத்தணுமாண்ணே?”

“ஆமா. மாத்தினா பழசு ஓடாது.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சுங்கை வே பக்கம் ஒரு ஸ்டூடியோல மேக் இருக்கு,” என்றான் யுகேந்திரன். “அங்க கேட்டுக்கிறேன் லா.”

ஷாமினி தலையசைத்தாள். திரையில் கணவனின் பெயருக்குக் கீழிருந்த ‘தொடர்க’ என்ற பொத்தானை அவள் அழுத்தவில்லை.