படகை ஓட்டியவர் பெயர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு உடைந்த விசிறியிலிருந்து வந்தது. படகு மோட்டாரின் அடியில், தண்ணீருக்குள் சுழலுமே, அது. அதன் இதழ்களில் ஒன்று காகித அட்டைபோல மடங்கியிருந்தது. கழற்றும்போதே இதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. இப்படித் தொடங்கினேன்:

“கண்ணாடிபோல் அசையாமல் கிடந்த ஏரியில்—”

வேண்டாம். அன்றைக்கு நல்ல காற்று. அடுத்த முயற்சி:

“மனைவியை மதிக்கத் தெரியாத ஒருவர் இருந்தார். அவர்—”

இதுவும் வேண்டாம். இதோடு உங்கள் தீர்ப்பு முடிந்துவிடும். மீதியைப் படிக்க மாட்டீர்கள். சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அதற்கு யார்மீதும் கோபமில்லை.

2

வாடகைக்குக் கார் எடுக்கப் போனால் முதலில் உரிமத்தைக் கேட்பார்கள். எங்கள் ஏரியில் படகுக்கு முன்பெல்லாம் அது கிடையாது. கடன் அட்டையை நீட்டினால் சாவி கைக்கு வந்துவிடும். விபத்துகள் மலிந்த சில கோடைகளுக்குப் பிறகு விதி மாறியது. உரிமம் இல்லாதவர், எந்த வயதானாலும் சரி, படகுத்துறையிலேயே பாடம் கேட்டு, டேப்லெட்டில் தேர்வெழுதி, தற்காலிகச் சான்று வாங்க வேண்டும். சான்று வைத்திருப்பவர் மட்டுமே ஓட்டலாம்.

பாடம் நடத்துவது நான். (முதல் வரி: படகுக்கு பிரேக் கிடையாது. எல்லோரும் சிரிப்பார்கள். ஒருவரும் நம்புவதில்லை.)

அந்தச் சனிக்கிழமை வெண்டல் அமுன்சனும் அவர் மனைவி கோரினும் வந்தார்கள். வெண்டல் வீடுகளுக்குக் கூரை போடும் ஒப்பந்தக்காரர். எதிர்க்கரைத் தீவில் ஒரு மரவீட்டை எடுத்துத் தங்கியிருந்த மகள் ஷெல்பி, மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். தீவுக்குச் சாலை இல்லை.

“குளிக்கிற தொட்டி அளவு ஏரி. இதுக்குப் பரீட்சையா?” என்றார் வெண்டல்.

“தொட்டியிலயும் வழுக்கி விழுறாங்களே சார்.”

கோரின் சிரித்தார். வெண்டல் சிரிக்கவில்லை. தேர்வில் தோற்றார். மறுபடி எழுதி மறுபடியும் தோற்றார். பொழுதுபோகட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய கோரின் தேறிவிட்டார்.

“பாஸா? நானா?”

“மெஷின் ரிப்பேரா இருக்கும்,” என்றார் வெண்டல்.

“அப்ப அந்த ரிப்பேர் மெஷின்கிட்டயே கேளு, நீ எந்தப் பக்கம் உட்காரணும்னு.”

3

இங்கேதான் வெண்டல் எனக்குத் தொல்லை கொடுக்கிறார். இதுவரை எழுதியதில் அவர் ஒரு சிடுமூஞ்சி மட்டும்தான். அப்படியே விட்டால் கதை சுலபமாக ஓடிவிடும். ஆனால் அன்று ஓட்டுநர் இருக்கையின் ஈரத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்த பிறகுதான் கோரினை உட்காரவிட்டார். கோரினின் உயிர்காப்புச் சட்டையின் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். முதல் வரைவில் கதைக்கு இடைஞ்சல் என்று இதை நீக்கியிருந்தேன். திரும்பச் சேர்த்துவிட்டேன்.

(நீரில் அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. பிற்பாடு கோரின் சொன்னார். சொல்லும்போது வெண்டல் பக்கத்தில்தான் இருந்தார், மறுக்கவில்லை.)

4

தீவை நெருங்கும் இடத்தில் தண்ணீருக்கடியில் பாறைகள் உண்டு. நடுவே ஆழமான வழி. அதன் ஒருபுறம் சிவப்பு மிதவை, மறுபுறம் பச்சை. இரண்டுக்கும் இடையில் போனால் பிழைத்தோம். கோரின் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்.

“எங்க போற? மிதவையைச் சுத்திப் போகணும்!”

“நடுவுல போகணும் வெண்டல். சிவப்பு எனக்கு வலது பக்கம் வரணும்.”

“எது சிவப்பு?”

கோரின் அதைக் கிண்டல் என்று நினைத்தார். அது கேள்வி.

வெண்டல் எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பினார். கோரின் விடாமல் எதிர்ப்பக்கம் இழுத்தார். படகு பாறையில் ஏறி நின்றது. கோரினின் நெற்றி கம்பியில் மோதிப் பிளந்தது.

5

ரத்தக் காயம் என்றால் ஏரிக் காவலுக்குச் சொல்லியாக வேண்டும். அதிகாரி ட்ரிஷா ஓக்ரெனோடு அவருடைய படகிலேயே நானும் போனேன். வெண்டல் தன் தொப்பியை மடித்து மனைவியின் நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்தார்.

“படகை யார் ஓட்டினது?” என்று கேட்டார் ஓக்ரென்.

வெண்டல் என்றால், சான்றில்லாமல் ஓட்டிய குற்றம். நீதிமன்றம் வரை போகும். கோரின் என்றால், அவருடைய சான்று அன்றே ரத்து.

“நான்தான்,” என்றார் கோரின்.

ஒரு வரைவில், வெண்டல் துள்ளியெழுந்து “இல்லை, நான்!” என்று— அடித்துவிட்டேன். இன்னொன்றில் இருவரும் ஒரே நேரத்தில் “நான்” என்று சொல்ல, அதிகாரி சிரித்து— அதையும்தான். நடந்தது வேறு. வெண்டல் மனைவி பக்கம் திரும்பினார். பேசியது அதிகாரியிடம் அல்ல.

“கோரி, எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும். பொறந்ததுலேர்ந்தே.”

“சிக்னல்ல எப்படிப் போவ?”

“எரியுறது மேலயா கீழயான்னு பார்ப்பேன்.”

“சமையலறைக்குப் பெயிண்ட் வாங்கினோமே? எந்தக் கலர்னு கேட்டதுக்கு, ‘எல்லாம் ஒண்ணுதானே’ன்னு சொன்ன.”

“எனக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சு.”

“உனக்கு வீட்டுமேல அக்கறையே இல்லன்னு நினைச்சு உன்கூடப் பேசாம இருந்தேன் வெண்டல்.”

“தெரியும்.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!”

“அப்புறம் என்னைக் கூரைமேல யாரு ஏத்துவா? ஓட்டுக் கலர்கூடத் தெரியலன்னு சிரிச்சிருப்பாங்க.”

கோரினின் முகத்தைப் பற்றி எழுதிய வாக்கியங்கள் எதுவும் தேறவில்லை. அவர் வெண்டலின் கைமேல் தன் கையை வைத்துத் தொப்பியை இன்னும் அழுத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

6

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கோரினுக்குத் தையல் போட்டார்கள். ஷெல்பி யாரிடமோ படகு கேட்டு, மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வேகவைத்துத் தட்டில் வைத்து அலுமினியத் தாளால் மூடி எங்கள் துறைக்கே கொண்டுவந்தாள். எல்லோரும் அங்கேயே நின்று சாப்பிட்டோம். “அப்பா, என்ன கலர்னு கேட்காம சாப்பிடு,” என்றாள் மகள். வெண்டல் முதல்முறையாகச் சிரித்தார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பாறைமேல் சாய்ந்து நின்ற படகில்தான் நிற்கிறது. ஓக்ரெனின் பேனா தாளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

“மேடம், இன்னொரு தடவை கேக்குறேன். யார் ஓட்டினது?”

“அதான் சொன்னேனே. நான்.”

ஓக்ரென் வெண்டலைப் பார்த்தார். வெண்டல் வாயைத் திறந்தார். கோரின் அவர் முழங்காலில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

அதிகாரி என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியும். சொன்னால், அதுதான் சரி என்று ஆகிவிடும். ஸ்டீயரிங்கில் இரண்டு பேரின் கைகள் இருந்தன. தாளில் ஒரு பெயருக்குத்தான் இடம். பொய் சொல்பவருக்கு வலிக்கிறது, உண்மை தெரிந்தவருக்கு வெட்கமாக இருக்கிறது. காற்று வேறு ஏறிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் கரைசேர வேண்டும்.

இந்தாருங்கள், பேனா.