இழுவைக் கயிறு

அவள் கணவருடைய பெரிய வண்டி ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலிலேயே உயிரை விட்டது. சாவியைத் திருகினால் உள்ளே ஏதோ வெறுமனே சுற்றும் சத்தம்தான் வந்தது. எஞ்சின் பெல்ட் அறுந்திருக்கும் என்று போனிலேயே சொல்லிவிட்டான் அவளுடைய தம்பி. நாலு கிலோமீட்டர் தள்ளி அவன் ஒரு பட்டறை வைத்திருக்கிறான். பழுதான வண்டிகளை ஏற்றிப்போகும் லாரிக்காரரோ, நாளை சாயங்காலத்துக்கு முன்னால் முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில ஆறு பேரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும்," என்றார் அவளுடைய கணவர். "உன் வண்டியில கட்டி இழுத்துட்டுப் போயிடலாம்."

நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து விடுவது பதினோரு வருடமாக அவருடைய தொழில். அவளுக்கும் ஓட்டுவதுதான் பிழைப்பு. கிளினிக்குகளில் எடுக்கும் ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பாள். அந்தச் சின்ன கார் அதற்காக வாங்கியது.

தம்பிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை.

"அக்கா, உன் வண்டி எலி, மாமாவோடது எருமை. அவசரம்னா மட்டும் செய். இருபதுக்கு மேல போகாதே. முதல் கியர்ல மெதுவா நகர்த்து, கயிறு விறைச்ச பிறகு இழு. நடுவுல சிவப்புத் துணி ஒண்ணு கட்டு, குறுக்கே யாரும் பூந்துடக் கூடாது. மாமா நியூட்ரல்ல போட்டு, சாவியை ஆன்ல வெச்சுக்கட்டும். சாவியை எடுத்தா ஸ்டியரிங் பூட்டிக்கும். எஞ்சின் ஓடாததால பிரேக் கல்லு மாதிரி இருக்கும், ஏறி மிதிக்கணும். முக்கியமா ஒண்ணு, பிரேக் போட வேண்டியது நீ இல்ல, அவருதான். உன்னைப் பார்த்துக்கிட்டே வந்து, உனக்கு முந்தி அவர் மிதிச்சாத்தான் கயிறு தொய்யாம இருக்கும். புரிஞ்சுதா?"

"இழுக்கிறது எனக்கென்னடா புதுசா? பதினெட்டு வருஷமா உங்க மாமாவை இழுத்துட்டுத்தானே இருக்கேன்," என்றாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கணவர் சிரித்தார்.

கொக்கியை அவர்தான் மாட்டினார். பம்பரில் இருக்கும் துளையை விரலால் தடவித் தடவித் தேடினார். பழைய துண்டு ஒன்றைக் கிழித்துக் கயிற்றின் நடுவில் அவள் முடிச்சுப் போட்டாள். நல்ல ரத்தச் சிவப்பு. இரண்டு வண்டியிலும் நாலு பக்க விளக்கும் மின்னிக்கொண்டிருக்கும், பிரேக் விளக்கு தனியாகத் தெரியாது என்பதால், நிறுத்துவதற்கு முன்னால் அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவது என்று பேசிக்கொண்டார்கள்.

தெருமுனை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பேக்கரி திருப்பத்தில் அவள் வேகத்தைக் குறைத்ததும் பின்னாலிருந்து 'டொம்' என்று ஓர் இடி. இறங்கி ஓடினாள்.

"பிரேக் பிடிக்க மாட்டேங்குதுடி. மச்சான் சொன்ன மாதிரி கல்லுதான்," என்றார்.

அதை நம்பினாள். அடுத்த சிக்னலுக்கு வெகுதூரம் முன்னாலேயே கையை நீட்டி ஆட்டினாள். கண்ணாடியில் பார்த்தபோது கணவர் ஸ்டியரிங் மேலேயே தாடையை வைத்ததுபோல் குனிந்திருந்தார். கையை அவர் பார்க்கவேயில்லை. மறுபடியும் இடி. மிதிக்க முடியாதவர் காலை உதைத்து, முகத்தைச் சுளித்துப் போராடியிருக்க வேண்டாமா? அவர் முகத்தில் போராட்டமே இல்லை. இடித்த பிறகுதான் திடுக்கிட்டார்.

நிறுத்திக் கேட்டிருக்கலாம். ஆனால் பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தன. போய்க்கொண்டே இருந்தாள்.

ரயில் பாலத்துக்கு அடியில் இறங்கும் சரிவில் கயிறு தொய்ந்து தரையில் இழுபட ஆரம்பித்தது. கீழே, சாலையைக் கடக்கக் கோடு போட்ட இடத்தில், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் இறங்கிவிட்டாள். இவள் கையை நீட்டினாள், ஹாரனை அழுத்தினாள், பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்தாள். எருமை வந்து முட்டியது. சின்ன கார் வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. குழந்தை வண்டிக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

"கண்ணு தெரியலையா உனக்கு?" என்று அந்தப் பெண் கத்தினாள். குழந்தையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு திட்டினாள். இவள் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். அவள் அழுதுகொண்டே போய்விட்டாள்.

இவள் காரிலிருந்து இறங்கி, பின் வண்டியைப் பிடித்துக்கொண்டே கணவரின் ஜன்னலுக்கு வந்தாள்.

"துணி கட்டச் சொன்னானே உன் தம்பி, கட்டினியா இல்லையா?" என்று அவர் எரிந்து விழுந்தார். "கட்டியிருந்தா கயிறு தொய்யறது எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

துணி அவருக்கு எதிரே, பத்தடிக்குள், வெயிலில் கிடந்தது.

"உங்க எதிர்லதான் கிடக்கு," என்றாள். இனி மறைக்க முடியாது என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"ரெண்டு மாசமாத்தான். இடது கண்ணு சுத்தமா இல்ல. வலது கண்ணுல புகை மூட்டம் மாதிரி. கிட்ட இருக்கிறது தெரியும்."

"தினமும் ஆறு பேரை ஏத்திட்டுப் போறீங்களேங்க! எப்படி?"

"ரோடு மனப்பாடம். அந்த ஆறு பேர்ல, முன்சீட்டுல உட்கார்ற ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் சொல்லுவாரு. சிகப்பு விழுந்துடுச்சு, ஆள் குறுக்க வர்றான், இப்ப போகலாம்னு. அவருக்குத் தெரியும். அவருக்கு என்னை விட்டா வேற வண்டி இல்ல."

 பார்க்கிற இரண்டு கண்ணும் அந்த நோயாளியுடையவை. அவை அசந்து மூடியிருந்தால்? அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அவர் உதடு துடிப்பதைப் பார்த்துவிட்டு, "வண்டியை விட்டு இறங்குங்க," என்று மட்டும் சொன்னாள்.

கைபிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தாள். தம்பிக்குப் போன் செய்தாள். பட்டறையைச் சாத்திவிட்டு இருபது நிமிடத்தில் வந்தான். கயிறு வேண்டாம் என்று இரும்பு இழுவைக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு வண்டிக்கும் நடுவில் மாட்டினான். நசுங்கிய பம்பரையும் மாமா முகத்தையும் பார்த்தான். எதுவும் கேட்காமல் பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

கணவர் அவளுக்குப் பக்கத்து சீட்டில் வந்து அமர்ந்தார். சீட் பெல்ட்டின் கொண்டி கைக்கு அகப்படாமல் தடுமாறினார். அவளே மாட்டிவிட்டாள்.

"நாளைக்கு அந்த ஆறு பேரு?" என்றார்.

"மருத்துவமனைக்கு நான் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவே? வண்டி ரிப்பேர்னு சொல்லு. அது பொய் இல்லையே."

"வண்டி இன்னைக்கோ நாளைக்கோ சரியாயிடும். அப்புறம்?"

அவர் வெளியே பார்த்தார்.  பட்டறை வரைக்கும் இடி இல்லை, இழுப்பு இல்லை. பின் வண்டி சாதுவாகத் தொடர்ந்து வந்தது.

பட்டறை வாசலில் காருக்குள் உட்கார்ந்தபடியே அவள் டயாலிசிஸ் பிரிவுக்குப் போன் போட்டாள். நாளையிலிருந்து அவர் ஓட்ட மாட்டார், பார்வை போய்விட்டது, ஆறு பேருக்கும் வேறு வண்டி பார்க்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். எதிர்முனையில் இருந்த பெண், "எவ்வளவு நாளா இப்படி இருக்காருங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"எட்டு மாசம்," என்றார் கணவர், போனுக்குக் கேட்கும்படி உரக்க. பிறகு, அவள் பக்கம் திரும்பாமலே இன்னொரு முறை சொன்னார். "எட்டு மாசம்."