ஊதாப்பாசி வெளுத்த நாள்

...வெள்ளைதான், விளக்கின் பளபளப்பு என்று இனியும் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடியாது, கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தாயிற்று, நேற்றுவரை மீன்தொட்டிப் பாறை முழுக்கப் படர்ந்திருந்த ஊதாப்பாசி விளிம்பிலிருந்து வெளுத்துக்கொண்டே வருகிறது, சுவரில் காரை உதிர்ந்த மாதிரி... இல்லை, எலும்பு மாதிரி. கணவர் இன்று சாயங்காலம் வெளியூரிலிருந்து வந்துவிடுவார். போகும்போது படித்துப் படித்துச் சொன்னாரே, "பாசிக்கு ரெண்டு பாட்டில் மருந்து இருக்கு, காலைல கால்சியம், ராத்திரி மத்தது, ஒண்ணா மட்டும் ஊத்திடாதே" என்று, இவளும் தலையை ஆட்டினாளே. நேற்றுக் காலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் மறந்து, ராத்திரி நினைவு வந்த பதற்றத்தில் இரண்டையும் சேர்த்து... ஊற்றிய நொடியே தொட்டி பால் கலந்த மாதிரி ஆகி, மீன்கள்கூடக் கண்ணுக்குத் தெரியாமல்போயின. இன்று காலையில் தண்ணீர் தெளிந்திருந்ததும் அப்பாடா என்றாள். அந்த அப்பாடாவை இப்போது என்ன செய்வது?

ஒரு பாசிக்காகவா இவ்வளவு பயம்? ஆனால் அது வெறும் பாசியா அவருக்கு... சாம்பல் நிறப் பாறையை வைத்து, வண்ணமீன் கடைக்காரரிடம் கெஞ்சி ஊதா படிந்த ஒரு துண்டு வாங்கி, பழைய டூத்பிரஷ்ஷால் சுரண்டித் தூளைத் தண்ணீரில் விட்டு, ஒட்டுமா ஒட்டுமா என்று மாதக்கணக்கில் காத்திருந்தவர், முதல் புள்ளி தெரிந்த அன்று குழந்தை மாதிரிக் கத்தி இவளைத் தூக்கிச் சுற்றினார். கெட்டவரா? இல்லை. கை ஓங்கியதில்லை, குரல்கூட உயராது. பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். கார் கதவில் இவள் கீறல் போட்டதற்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவார், இவள் நிற்கிற இடத்தை நாற்காலி கிடக்கிற இடம் மாதிரிச் சுற்றிக்கொண்டு போவார், என்னங்க என்றால் காற்று. ஃபிரிட்ஜ் எவ்வளவு சத்தமாக உறுமும் என்று அப்போதுதான் தெரிந்தது. அடித்தாலாவது யாரிடமாவது சொல்லலாம், என் புருஷன் பேசமாட்டேங்கிறார் என்றால் கொடுத்துவைத்தவள் என்பார்கள்.

வண்ணமீன் கடைக்காரருக்குப் போன் போட்டாள். "ரெண்டையும் ஒண்ணா ஊத்துனீங்களாம்மா? அதான் சுண்ணாம்பா உறைஞ்சுபோச்சு, பாசிக்கு ஒண்ணும் மிஞ்சல. கொஞ்சம் உப்புத்தண்ணி மாத்துங்க, முழுசா சாகல, திரும்பப் படரும்." "சாயங்காலத்துக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பக்கம் சிரிப்பு. "பாசிம்மா அது, பெயிண்ட் இல்ல." போனை வைத்தபின், ஊதா நெயில்பாலிஷ் இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது... பைத்தியம் பிடிக்கிறதா எனக்கு? உப்பைக் கரைத்தாள், வாளியைத் தூக்கினாள், பாதி தரையில் கொட்டியது, துடைத்தாள், லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் துணியைப் பிடித்தபடியே உறைந்தாள்.

வந்தது மகள். பள்ளிப் பையை இறக்கினாள், தொட்டியைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நேராகப் போய்த் தொட்டியின் வெள்ளை விளக்கை அணைத்து நீல விளக்கை மட்டும் எரியவிட்டாள், வெளுத்த இடமெல்லாம் ஊதாவாகிவிட்டது. "இப்ப தெரியாதும்மா." "உனக்கு எப்படிடி தெரியும்?" "நத்தை செத்தப்பவும் இப்படித்தான் பண்ணேன். அப்பா கண்டுபிடிக்கல." எந்த நத்தை? எப்போது செத்தது? இந்த வீட்டிலா?

கதவு திறந்தது. அவர் செருப்பைக் கழற்றுமுன்பே தொட்டியைத்தான் பார்த்தார். "வெள்ளை லைட்ட யாரு அணைச்சா?" இவள் ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல், "நான்தாம்பா, மீனெல்லாம் ஒளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, கண்ணு கூசுது போல" என்றாள். "என் செல்லம்" என்று அவள் தலையைத் தடவிவிட்டுக் குளிக்கப் போனார்.

நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை... நாளைப் பகலில் தெரிந்துவிடும் என்பதாலா, இல்லை, அது இல்லை. மகளின் பென்சில் ஒரு நொடிகூட நிற்கவில்லையே, குரல் பிசிறவில்லையே, எத்தனை நாள் பழக்கம் இது? போன வாரம் கண் சிவந்து வந்தவளை என்னடி என்று கேட்டதற்கு, தூசிம்மா என்றாள், இதே முகம்தான், இதே குரல், இவளும் சரி என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாளே. அது தூசியா? "கண்ணு..." என்று கூப்பிட்டாள். "என்னம்மா?" மகள் நிமிர்ந்து அழகாகச் சிரித்தாள். கேட்டுவிடலாம், இப்போதே கேட்டுவிடலாம், ஆனால் அவள் ஒன்றுமில்லை என்று சொன்னால், அது நிஜமா என்று எனக்கு எப்படித் தெரியும்...