ஈரத்தில் வாடிய நாற்று

மண் ஈரமாகத்தான் இருந்தது. நாற்றுதான் தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

அண்ணிக்காரி நாற்றுத் தட்டைத் தூக்கி அடியைத் தடவினாள். விரலில் தண்ணீர் வழிந்தது. தண்ணீர் இல்லாமல் செடி வாடினால் வெயிலைத் திட்டலாம். தண்ணீரில் நின்றுகொண்டே வாடினால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அந்தக் கை யாருடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த நாற்றுக்கூடத்தில் வேலை செய்வது இரண்டே பேர்: அவளும், புருஷனின் தங்கையும். புகுந்த வீட்டோடு ஒத்துப்போகாமல் பெட்டியோடு வந்தவள், சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று வேலையில் இறங்கிவிட்டாள். இப்போது தொழில் கைவந்ததும் தனியாக ஒரு கூடம் போடப் போகிறாளாம். சொன்னது விதைக்கடைக்காரர். அவர் வாய் சல்லடைதான், ஆனாலும் சல்லடையில் எதையாவது போட்டால்தானே ஏதாவது விழும்?

குடைமிளகாய் நாற்று மொத்தமும் ஒரு பெரிய தோட்டக்காரருக்குப் பேசியது. வாரக் கடைசியில் வண்டி வரும். நாற்று செத்தால் அவரும் போனார், அவரை நம்பி விதைத்த இந்தப் பருவமும் போனது. புருஷனிடம் சொல்லிவிட்டாள், உங்கள் தங்கையை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கண்ணால பார்த்துட்டு சொல்லு. பெட்டிய நானே வண்டியில ஏத்தறேன்" என்றான்.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் உரம் கரைத்த தண்ணீரை ஊற்றியவர், அந்தத் தட்டின் மூலையில் ஒரு சிவப்புக் குச்சி குத்த வேண்டும். குச்சி இருந்தால் அந்தத் தட்டு சாப்பிட்டாயிற்று. நாத்தனார் குத்திய குச்சியை அண்ணிக்காரி ஒருநாளும் நம்பியதில்லை. ஊற்றாமலே குத்திவிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் அந்தத் தட்டுகளுக்கெல்லாம் சத்தமில்லாமல் தானும் ஒரு முறை ஊற்றிவந்தாள். மாற்றாந்தாய் வீட்டுப் பிள்ளைக்கு ஒளித்து ஊட்டுகிற மாதிரி ஒரு திருப்தி.

அன்று கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பின்கதவால் திரும்பி வந்து தென்னைநார்த்தூள் மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்தாள். தூசி மூக்கில் ஏறியது. தும்மலை விழுங்கினாள்.

நாத்தனார் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு குவளையை எடுத்து, அண்ணிக்காரி காலையில் குச்சி குத்திய தட்டுகளில் ஒவ்வொன்றாக ஊற்றத் தொடங்கினாள்.

"என்னடி ஊத்தற?"

குவளை கைநழுவி விழுந்தது. "கடைக்குப் போகலையா அண்ணி?"

"கடை ஓடிப் போகாது. அதுல என்ன கலந்த?"

"உரத்தண்ணி. வேற என்ன?"

"குச்சி குத்தியிருக்கு, கண்ணு தெரியலையா?"

"குச்சி தெரியுது." நாத்தனார் முந்தானையில் கையைத் துடைத்தாள். "நீங்க ஊத்துனீங்களான்னுதான் தெரியல. போன்ல பேசிக்கிட்டே குத்திட்டுப் போறீங்க. செடி வாடினா பழி என் தலையில விழும். அதான் தினமும் நானும் ஒரு தடவை..."

"தினமுமா?"

"தினமும்தான்."

அண்ணிக்காரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தட்டுக்கு இவள், இவள் தட்டுக்கு அவள். கூடத்தில் இரட்டை உரம் குடிக்காத தட்டு ஒன்றுகூட இல்லை. தட்டுக்கடியில் தொங்கிய சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. துப்பினாள்.

"விஷத்த நக்கிப் பாக்கறீங்களா அண்ணி?"

"விஷம்தான். ரெண்டு பேரும் சேர்ந்து வெச்சது."

அவளுக்குப் புரிந்துவிட்டது. வெள்ளரித் துண்டில் உப்பைத் தூவினால் அது தன் தண்ணீரையெல்லாம் வெளியே விட்டுவிட்டுத் துவண்டுபோகும். வேரும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. உப்பைத் தடுத்துவிடும், தண்ணீரைத் தடுக்காது. உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். நல்ல மண்ணில் உப்பு வேருக்குள்தான் அதிகம். தண்ணீர் உள்ளே போய், செல்கள் காற்றடித்த டயர்போல விறைத்து, தண்டு நிமிர்ந்து நிற்கும். உரமும் உப்புதான். அளவுக்கு மிஞ்சியதும் கணக்கு தலைகீழானது. மண்ணிலிருந்த ஈரம் உள்ளே போகவில்லை. செடியிலிருந்த தண்ணீர்தான் வெளியே வந்துகொண்டிருந்தது.

"இப்ப என்ன பண்றது அண்ணி?"

"வெறும் தண்ணி. அடியில கரிப்பு போற வரைக்கும் ஊத்து. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

ஊற்றினார்கள். செருப்பு மிதந்தது. மத்தியானம் புருஷன் வந்து வாசலில் நின்றான். இரண்டு பேரும் முழங்கால் வரை நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு வண்டியைக் கழுவப் போனான்.

வெயில் இறங்கியபோது நடுவரிசை நாற்றுகள் மெல்லக் கழுத்தை நிமிர்த்தின. சுவரோரம் இலைநுனி கருகியவை எழவில்லை, எழப்போவதும் இல்லை. தோட்டக்காரரிடம் பாதிதான் தேறும் என்று சொல்லியாக வேண்டும்.

"என்ன," என்றான் திரும்பி வந்த புருஷன், "பெட்டிய ஏத்தவா?"

நாத்தனாரின் கை குழாய்மேல் அப்படியே நின்றது. அதுவரை அவளுக்கு அந்தப் பேச்சு தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. அண்ணிக்காரி அவளைப் பார்க்காமல் சொன்னாள்: "எந்தப் பெட்டி? பாதித் தட்டுல மறுபடி விதைக்கணும். ஆளே பத்தாது." பிறகு நாத்தனாரிடம், "நாளையிலேர்ந்து நீ ஊத்தும்போது நான் நின்னு பாப்பேன். நான் ஊத்தும்போது நீ பாரு."

"சரி அண்ணி," என்றாள் நாத்தனார், குழாயைத் திறந்துகொண்டே. "ரெண்டு பேரும் நின்னு பாத்துக்கிட்டிருந்தா, விதைக்கறது அண்ணனா?"