இப்ப ஒரு சத்தம் வரும்

"எத்தனை பேர் சார் போவீங்க?" என்று வண்டிக்காரர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் "ரெண்டு பேர்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு எரிந்தது. பால் வாங்க வேண்டுமா என்று கேட்டால் பதில் வர அரை மணி நேரம் ஆகும் மனிதர். கல்லுளிமங்கன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதிலைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் இடம் அது. கம்பி வேலி போட்ட மைதானம், மூலையில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு மேஜை. வண்டிக்காரர் எங்களுக்காக இரண்டை ஒதுக்கி நிறுத்தியிருந்தார். ஒன்று சாம்பல் நிற மினிவேன், ஏழு சீட், சுற்றிலும் கண்ணாடி. இன்னொன்று வெள்ளைச் சரக்கு வேன். முன்னால் இரண்டு சீட், அதை ஒட்டித் தகர மறைப்பு, அதற்குப் பின்னால் ஜன்னலே இல்லாத வெறும் பெட்டி.

வருஷத்துக்கு ஒரு தடவை நாங்கள் மூன்று பேரும் பழைய காரில் டென்டைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை, காட்டோரம் என்று கேம்பிங் போவோம். போன வருஷம் தைக்கிற வேலை தலைக்கு மேல் இருந்ததால் நான் மறுநாள் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். அப்பாவும் மகளும் முன்னால் கிளம்பினார்கள். வழியில் கார் பள்ளத்தில் இறங்கி மரத்தில் மோதி நொறுங்கியது. இவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. இனிமேல் தரையில் படுக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் உள்ளேயே கால் நீட்டிப் படுக்கிற மாதிரி ஒரு வண்டி தேடி வந்தோம்.

காரை ஓட்டியவள் எங்கள் மகள். பொடிசு என்று கூப்பிடுவோம், இருபத்து நாலு வயதாகியும் என் தோள் உயரம்தான். அவள் ஓட்டிவிட்டு வந்தால் ஓட்டுகிற சீட் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மறுநாள் காலையில் இவர் ஏறும்போது முழங்காலை இடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அந்தக் கத்தலைக் கேட்டுப் பத்து மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவளிடம், "இனிமே நீ வண்டியைத் தொடாத" என்றார். அந்த ஒரே வாக்கியம்தான். அவள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். என்னோடு மட்டும் பேசுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். "அடுத்த மாசம் நாலு நாள் லீவு இருக்கும்மா. அப்பா வாங்குற வண்டியில எத்தனை சீட்டுன்னு மட்டும் எனக்குச் சொல்லு. எனக்கு ஒண்ணு இருந்தா வர்றேன். இல்லன்னா இனிமே வரச் சொல்லிக் கேக்காத."

"இதுக்கென்ன, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

"நீ சொல்லக் கூடாது. நீ சொல்லி வாங்குனா அது நீ குடுத்த சீட்டு. அவரா வாங்கணும்."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனை வைத்தாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மென்று விழுங்குவதற்கு நான் ஒருத்தி.

அதனால் அன்று காலை முழுக்கச் சுற்றி வளைத்துப் பேசினேன். கண்ணாடி இருந்தால் காற்று வரும் என்றேன். யாராவது கூட வரலாம் என்றேன். அந்த 'யாராவது' சொல்லும்போது அவர் முகத்தையே பார்த்தேன். அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருக்கு ஏழு சீட் எதுக்கு, ஊர்வலமா போறோம்?" என்றார். "மினிவேன்ல படுக்கணும்னா சீட்டைக் கழட்டணும். ஒவ்வொண்ணும் கல்லு கனம். என் தோளுக்கு ஆகுமா? இதுல பாரு, தரை சமமா இருக்கு. திரையும் வேணாம்."

நான் திரைச்சீலை தைத்துப் பிழைக்கிறவள். அளக்கிற டேப் என் கழுத்தில் எப்போதும் தொங்கும். என்னிடமே திரை வேண்டாம் என்கிறார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"நீங்க இதைப் பாத்துக்கிட்டு இருங்க. மினிவேன்ல பெட்ரோல் கம்மி, போட்டுட்டு வந்துடறேன், ஓட்டிப் பாக்கலாம்" என்று வண்டிக்காரர் அதை ஓட்டிக்கொண்டு போனார். மைதானத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. என் பை கொட்டகை மேஜையில் இருந்தது, போன் அதற்குள். என் வீட்டுக்காரர் தன் போனைச் சரக்கு வேனின் முன் சீட்டில் போட்டுவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகப் பின்னால் ஏறினார். நானும் ஏறி டேப்பை விரித்தேன். நீளம் அவருக்குப் போதும். அகலத்தில் இரண்டு பேர் படுக்கலாம். மூன்றாவது ஆள் படுக்க இடமே இல்லை என்பதை நான் அளக்காமலே பார்த்தேன்.

"கதவைச் சாத்துனா எவ்வளவு இருட்டுன்னு பாப்போம்" என்று சொல்லி அவர் கதவை இழுத்துவிட்டார்.

கிளிக்கென்று விழுந்தது. கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு.

"சரி, பாத்தாச்சு, தொறங்க" என்றேன். அவர் தடவுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் தடவினார். பிறகு வேகமாகத் தடவினார்.

"உள்பக்கம் கைப்பிடி இல்ல" என்றார். "இருந்த எடத்துல ஓட்டைதான் இருக்கு."

பின்கதவுக்கு நான் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். அங்கே ஓட்டை கூட இல்லை. கத்தினோம். வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற சத்தத்துக்கு முன்னால் எங்கள் சத்தம் எடுபடவில்லை. மறைப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய போன் அடித்து ஓய்ந்தது. உச்சி வெயில். தகரம் சுட ஆரம்பித்தது.

அவர் கதவைக் குத்த ஆரம்பித்தார், நல்ல கையால். நிறுத்தாமல் குத்தினார். "விடுங்க, கை போயிடும்" என்றேன். அவர் காதில் விழவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் தொட்டுப் பார்த்தேன். சட்டை தெப்பலாக நனைந்து, உடம்பு உதறிக்கொண்டிருந்தது.

இவர் யார் தெரியுமா? முப்பது வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். நடுவில் நின்றுபோன லிஃப்ட்டுகளிலிருந்து இதுவரை எத்தனை பேரை வெளியே எடுத்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. சாப்பிடும்போதே போன் வரும். மாட்டிக்கொண்டவர்களிடம் அங்கிருந்தே பேச ஆரம்பித்துவிடுவார். அதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் கொடுக்காத குரல். முதலில் உள்ளே எத்தனை பேர் என்று கேட்பார். அடிபட்டிருக்கிறதா என்று கேட்பார். பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லவே மாட்டார், சொன்னால்தான் பயம் வருமாம். இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கதவுக்கு வெளியே நின்று, "இப்ப ஒரு சத்தம் வரும், அது நான்தான்" என்பார். பக்கத்து அறையில் தைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு அதில் பாதி எனக்கு மனப்பாடம்.

வேறு வழி தெரியவில்லை. அந்தக் குரலை நான் எடுத்துக்கொண்டேன்.

"ஐயா, உள்ள எத்தனை பேர்?"

குத்துவது நின்றது.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"...ரெண்டு."

"யாருக்காவது அடிபட்டிருக்கா?"

"இல்ல."

"அப்ப கீழ உக்காருங்க. கதவுல சாயாதீங்க."

உட்கார்ந்தார். மூச்சு மெல்ல அடங்கியது. பிறகு இருட்டுக்குள்ளிருந்து, "அவ இப்படித்தான்டி இருந்தா" என்றார்.

நான் அசையவில்லை. அசைந்தால் வாயை மூடிக்கொள்வார் என்று தெரியும்.

"நாப்பது நிமிஷம். அவ பக்கத்துக் கதவு மரத்துல ஒட்டிக்கிச்சு, கால் சிக்கிருச்சு. நான் இந்தப் பக்கமா வெளிய வந்துட்டேன். கண்ணாடி வழியா என்னையே பாக்குறா. கை தூக்க வரல. சரி, பேசவாவது செய்யலாம்ல? முகம் தெரியாதவன்கிட்டெல்லாம் பேசியிருக்கேன். உள்ள எத்தனை பேருன்னு கேக்கணும். உள்ள இருக்கறது யாருன்னு தெரியுமே எனக்கு. வாயே வரல. தீயணைப்பு வண்டி வர்ற வரைக்கும் மரம் மாதிரி நின்னேன்."

பொடிசு இதே நாற்பது நிமிஷத்தை என்னிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் முறைத்துக்கொண்டே நின்றார் என்று சொன்னாள். காரை உடைத்ததற்கு அவ்வளவு கோபம் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பத்து மாதமாக நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நீங்க கோவத்துல நின்னீங்கன்னு அவ நினைச்சுக்கிட்டு இருக்கா."

"கோவமா? அவ மேலயா?"

"அப்ப எதுக்கு ரெண்டு சீட்?"

"சீட் இருந்தா ஏறுவா. மறுபடி அவளை அப்படிப் பாக்க என்னால ஆகாது."

சத்தியம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லிவிடலாம், இருட்டில் யாருக்குத் தெரியப் போகிறது. கடித்துக்கொண்டேன். "ஆமா, சீட் இல்லன்னா ஏற மாட்டா" என்றேன். "வீட்டுப் படியையும் ஏற மாட்டா." அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் சத்தியம் போயிருக்கும்.

அவர் மூக்கை உறிஞ்சினார். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் வந்தது, அசல் குரல்.

"உன் விரல் ஒல்லி. அந்த ஓட்டைக்குள்ள விடு. என்ன தட்டுப்படுது?"

"கம்பி மாதிரி ஒண்ணு."

"அதுதான். பின்னால இழுக்க முடியுதா?"

"வழுக்குது."

"கழுத்துல டேப் இருக்குல்ல? கம்பியைச் சுத்தி மாட்டு. ரெண்டு முனையையும் கையில சுத்திக்க. அவசரப்படாத."

மாட்டுவதற்குள் நாலு தடவை நழுவியது. வியர்வை கண்ணில் இறங்கியது. ஊசியில் நூல் கோக்கிற விரல், கடைசியில் மாட்டிவிட்டது.

"மாட்டியாச்சு."

"இழு. இப்ப ஒரு சத்தம் வரும். அது கதவுதான்."

கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அந்தக் குரல் எனக்காக வந்தது அப்போதுதான். இழுத்தேன். டேப் கிழிகிற சத்தமும் கதவின் சத்தமும் சேர்ந்து வந்தன. வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

நாங்கள் தரையில் கால் வைக்கவும் மினிவேன் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. வண்டிக்காரர் எங்கள் கோலத்தைப் பார்த்தார், திறந்த கதவைப் பார்த்தார். "ஐயோ, உள்பக்கக் கைப்பிடி நாளைக்குத்தான் வரும்னு சொல்ல மறந்துட்டேன் மேடம்."

அவரைத் திட்ட நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். ஆனால் என் கண் இவர் மேல் இருந்தது. இவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக மினிவேனுக்குப் போனார். நடு வரிசையில் ஏறிக் கதவைச் சாத்தி உள்ளிருந்து திறந்தார். மறுபடி சாத்தித் திறந்தார். அடுத்த பக்கம் போனார். ஒவ்வொரு கதவையும் அப்படி மூன்று தடவை. வேண்டாம் என்று இறங்கி வந்துவிட்டால் அதோடு முடிந்தது, என் பெண் வர மாட்டாள்.

கடைசியாக ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார். குனிந்து அடியில் இருக்கும் கம்பியைத் தூக்கி சீட்டை முன்னால் தள்ளினார். இன்னும் தள்ளினார். முழங்கால் ஸ்டியரிங்குக்கு அடியில் டங்கென்று இடித்தது. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"சார், பின்னால தள்ளணும்" என்று வண்டிக்காரர் ஓடினார். "அப்பதான் உங்களுக்குக் கால் வெக்க எடம் இருக்கும்."

"எனக்கு இல்ல" என்றார் இவர். சீட்டைத் தொடாமல் ஒருக்களித்து இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து, பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

நான் கொட்டகைக்குப் போய்ப் பையிலிருந்து போனை எடுத்தேன். 'ஏழு' என்று எழுதினேன். அது போதாது என்று பட்டது. அதற்குக் கீழே, 'ஒண்ணை மட்டும் அப்பா ஸ்டியரிங்கோட ஒட்டி வெச்சிருக்கார். முழங்காலை இடிச்சுக்கிட்டார்' என்று எழுதி அனுப்பினேன்.