நினைவு மடலில் அச்சான வசனம்

எழும்பினேன். பல் துலக்கினேன். கிணற்றில் அள்ளிக் குளித்தேன். குசினியில் தேத்தண்ணி வைத்து, அதில் பாண் துண்டைத் தோய்த்துச் சாப்பிட்டேன். வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டேன். மாங்குளம் சந்தியில் பஸ் ஏறினேன். அன்று நீதிமன்றத் தவணை.

யூலியானா என் மனைவி. பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். முதல் வருடத்தில் சீனியர்கள் அவளை முழங்காலில் நிறுத்திப் பகிடிவதை செய்திருந்தார்கள். அதன் பிறகு, பின்னால் யாராவது நடந்து வந்தால் சோற்றுக் கோப்பையோடு எழுந்து நின்றுவிடுவாள். கலியாணம் கட்டிய பிறகும் அப்படித்தான். சோதினை நன்றாக எழுதினாள். ஆகவே அவளுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள்.

அந்த வருடமும் புதிதாக வந்த பெண்பிள்ளைகளை, யூலியானாவும் அவர்களும் வாடகைக்கு இருந்த வீட்டு முற்றத்தில் சீனியர்கள் முழங்காலில் நிறுத்திப் பாடச் சொன்னார்கள். அவள் குறுக்கே போனாள். கூட்டிப்போக வந்த நான் கேற்றடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். நிறுத்தியவர்களில் ஒருவனான நிருஷன் அவளை ஹெல்மெற்றால் அடித்தான். அவளுக்கு ஒரு வருடம் இளையவன். அவனையும் முன்பு அப்படித்தான் முழங்காலில் நிறுத்தியிருந்தார்கள். முதல் அடி வாயில். பல் ஒன்று மணலில் விழுந்தது. அடுத்தது காதுக்கு மேலே. அவள் விழுந்த பிறகும் அடித்தான். நான் ஓடிப்போய் அவன் கழுத்தைப் பிடித்து மதிலில் மோதினேன். மூக்கு உடைந்தது. மறுபடியும் மோதினேன். அதற்குள் அவள் கால்கள் இழுக்கத் தொடங்கியிருந்தன. ஓட்டோவில், தலையை மடியில் வைத்துக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரி வாசலில் முடிந்துவிட்டது.

அவளுடைய தாய் மரியமலர் நாயாற்றிலிருந்து வந்தா.

“கடைசியா என்ன சொன்னவள் தம்பி?”

மாமி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றா. பிறகு தானே சொன்னா: “மன்னிக்கச் சொல்லியிருப்பாள்.”

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அடித்த நினைவு மடலில், படத்துக்குக் கீழே அது வந்துவிட்டது. ‘அவர்களை மன்னித்துவிடுங்கள். யூலியானாவின் இறுதி வார்த்தை.’ கோயிலில் எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

நீதிமன்ற வாசலில் நிருஷனின் தகப்பன் வீரகத்தி நின்றார். கண்டாவளையில் வயல் செய்பவர். சேட்டுப் பொக்கற்றில் அந்த மடல் இருந்தது.

“தம்பி, பிள்ளையே மன்னிச்சிட்டுத்தானே போனது. உள்ளுக்க அதை மட்டும் சொல்லுங்கோ, பிணை குடுப்பினம். மறியல் சிறையில அவன் நித்திரை கொள்ளுறேல்லையாம். படிக்கிற பெடியன்.”

“என்ர பிள்ளை என்ன, மாடு மேய்க்கவே போனவள்?” என்றா மாமி. “ஹெல்மெற் தன்ர தலையில போடுற சாமானெண்டு கம்பசில உங்கட மகனுக்குப் படிப்பிக்கேல்லையோ?”

மாமி என்னை வேப்பமரத்துப் பக்கம் கூட்டிப்போனா.

“அந்தாளுக்காக இல்லைத் தம்பி. என்ர பிள்ளை பயந்து சாகேல்லை. மடலில உள்ளதையே சொல்லுங்கோ. எனக்கு அது போதும்.”

சாட்சிக் கூண்டில் ஏறினேன். எதிரே நிருஷன். மூக்கு கோணியிருந்தது. அவனுடைய சட்டத்தரணி மடலை உயர்த்திக் காட்டினார்.

“இறந்தவர் கடைசியாகச் சொன்னது இதுதானே?”

மாமி வாங்கில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்தா. கையில் செபமாலை.

“இல்லை,” என்றேன்.

“அப்படியானால் என்ன சொன்னவர்?”

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஓட்டோ ஒரு றோட்டுக் கிடங்கில் விழுந்து எழும்பியபோது கண் திறந்தாள். நான் குனிந்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அடிக்காதேங்கோ அண்ணா. பாடுறன். பாடுறன் அண்ணா.”