பார்த்துவிட்ட குளம்

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் ஊர் முதுகைக் காட்டி நிற்கும். கதிர்வீச்சுச் சரக்கு ஏற்றிய லாரி அன்றுதான் எங்கள் சாலை வழியாகப் போகும். அந்தச் சரக்கை எதுவும் பார்க்கக் கூடாது என்பது சட்டம். பார்த்தது கெட்டுப்போகும். அதனால் முன்னால் வரும் ஜீப்பின் விசில் கேட்டதும் வீடுகள் எழுந்து திரும்பிக்கொள்ளும். மாடுகள் திரும்பும். வேப்பமரங்கள் கொஞ்சம் தாமதமாகத் திரும்பும், அவற்றுக்கு வேர் இருக்கிறது. லாரி போன பிறகு இரண்டாவது விசில் வரும். எல்லாம் பழையபடி நின்றுகொள்ளும். உலையில் கொதிக்கிற சோறுகூடச் சிந்தாது.

எல்லாம் ஒழுங்காகத் திரும்புகிறதா என்று பார்ப்பதற்குக் கண்காணிப்புத் துறையிலிருந்து ஹெலன் மேடம் வருவார். வெயிலானாலும் மழையானாலும் ஒரே கறுப்புக் குடை. "மேலத்தெருவுல பச்சைப் பெயின்ட் வீடு பாதிதான் திரும்பியிருக்கு" என்பார். வீட்டுக்காரர் போய்த் தூணைத் தட்டிவிட்டு வருவார்.

போன கோடையில் பெரிய சாலையில் பாலம் வேலை நடந்தது. லாரி குளத்தின் வடகரை வழியாக வரும் என்று சொன்னார்கள். குளத்தையும் திருப்ப வேண்டும். நான் இந்தக் குளத்தின் மடைக்காரன். மடையில் ஓர் இரும்புத் திருகு இருக்கிறது. அதைச் சுற்றினால் வயலுக்குத் தண்ணீர் போகும். மேலும் சுற்றினால் குளம் திரும்பும். சுற்றுவதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் மேடம் ஒரு கேள்வி கேட்டார்.

"குளத்துக்கு முகம் எந்தப் பக்கம்?"

அதற்காக ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

"முகம் மேற்கேதான். அம்மன் சப்பரம் முதல்ல எங்க படித்துறையிலதானே இறங்குது?" என்றார் மேலத்தெரு ஆண்டியப்பன்.

"சப்பரம் இறங்குறது சரிதான் அண்ணாச்சி. விடிஞ்சதும் நீங்க எல்லாரும் அந்தப் பக்கம் எதுக்கு இறங்குறீங்கன்னும் ஊருக்குத் தெரியும். அதுவா முகம்?" என்றார் கீழத்தெரு பால்பாண்டி.

வேட்டிகளை மடித்துக் கட்டினார்கள். பிறகு அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். மேலத்தெரு சொல்வதுபோல் முகம் மேற்கே என்றால் கால் சுற்று இடப்பக்கம் திருப்ப வேண்டும். கீழத்தெரு சொல்வதுபோல் கிழக்கே என்றால் கால் சுற்று வலப்பக்கம். எந்தத் தெருவுக்கும் மனக்குறை வரக் கூடாது என்று, இரண்டையும் செய்யச் சொன்னார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. கால் சுற்று இடம், கால் சுற்று வலம் என்று அளவு பிசகாமல் சுற்றினேன். குளம் இருந்தபடியே இருந்தது.

அதன் முகம் வடக்கே, சாலையைப் பார்த்து இருந்தது என்பது லாரி போன பிறகுதான் தெரிந்தது. மேடம் கொண்டுவந்த மீட்டர், கரையில் கால் வைத்ததுமே கடகடவென்று அடித்தது.

"பார்த்துடுச்சு" என்றார் மேடம்.

பார்த்துவிட்ட தண்ணீரை மறக்க வைக்க வேண்டும். அதுதான் சுத்திகரிப்பு. மொத்தமாக ஒரு குளத்தை மறக்க வைக்கத் துறையிடம் ஆள் இல்லை. அதனால் வீட்டுக்கு ஒரு குடமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கோடை என்பதால் குளத்தில் நானூற்றுப் பதினொரு குடம்தான் இருந்தது. வீடுகளும் அவ்வளவுதான். கடைசிக் குடத்தை நான் எங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். குளத்தில் சேறும், ஒரு சைக்கிள் சக்கரமும், வெண்கலச் செம்பு ஒன்றும் மிச்சமிருந்தன.

மேடம் விதிகளைச் சொன்னார். "குடிக்கக் கூடாது. கொட்டக் கூடாது. தனியா விடக் கூடாது. எதையாவது காட்டிக்கிட்டே இருங்க, பழசை மறந்துடும். ஒண்ணுமே நடக்காத பொருளா இருந்தா நல்லது. வெள்ளைச் சுவர் ரொம்ப நல்லது."

"ஒண்ணுமே நடக்காததுன்னா எங்க வீட்டுக்காரரக் காட்டலாமா மேடம்?" என்று இசக்கியம்மாள் கேட்டாள். அவள் எங்களுக்குப் பக்கத்து வீடு. பெண்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். ஊரிலேயே அந்த வீட்டுத் தண்ணீர்தான் முதலில் சுத்தமானது.

ஆண்டியப்பன் வீட்டில் குடத்தை டிவிக்கு முன்னால் வைத்தார்கள். ஒரு வாரத்தில் அந்தத் தண்ணீர் உப்புக் கரித்தது. தொடர் பார்த்து அழுதிருக்கிறது என்று மேடம் சொன்னார். மறுபடியும் சுவரிலிருந்து ஆரம்பித்தார்கள்.

எங்கள் வீட்டில் குடத்தை இறக்கிவைத்ததும் என் மனைவி செல்லக்கனி உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். குடத்துக்குள் தவசிமுத்து தலை வாரிக்கொண்டிருந்தான்.

தவசிமுத்து எங்கள் மகன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நெடுஞ்சாலையில் பைக்கோடு அடிபட்டுப் போய்விட்டான். வீட்டில் கண்ணாடி இருந்தாலும், குளத்தின் மூன்றாவது படியில் குனிந்து தண்ணீரில் பார்த்துத்தான் தலை வாருவான். அன்றைக்கும் அப்படித்தான் வாரிவிட்டுப் போனான். குளம் அதை வைத்திருந்திருக்கிறது. அது எங்கள் குடத்தில் வந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் மஞ்சள் தார்ப்பாய் போட்ட லாரி போய்க்கொண்டிருந்தது. போய் முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து போனது.

அடுத்த முறை மீட்டரோடு வந்த மேடத்திடம் செல்லக்கனி கேட்டாள். "லாரிய மட்டும் மறக்க வைக்க வழி இருக்கா?"

மேடம் குடத்துக்குள் பார்த்தார். குடையை மடக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். "தண்ணிக்குப் பிரிச்சு மறக்கத் தெரியாதும்மா. மறந்தா எல்லாத்தையும்தான்."

"அப்ப இந்த ஒரு குடத்த விட்டுருங்க."

"ஒரு குடம் குறைஞ்சா அது குளம் இல்லம்மா, குட்டை. குட்டைய ஊருக்குத் திறந்துவிட என் துறைக்கு அதிகாரம் கிடையாது."

செல்லக்கனி குடத்தைச் சுவரை விட்டுத் தள்ளி, வீட்டின் நடுவில் வைத்துக்கொண்டாள். அதற்குச் சுவர் தெரியாதபடி சுற்றிலும் எதையாவது நடத்திக்கொண்டே இருந்தாள். முருங்கைக்கீரை உருவினாள், புடைத்த அரிசியையே மறுபடியும் புடைத்தாள். மற்ற வீடுகளில் மீட்டர் ஒவ்வொன்றாக அடங்கியது. அடங்கிய குடங்களைத் தட்டு போட்டு மூடி, கரையில் வரிசையாக வைத்தார்கள். நான் தினமும் போய் எண்ணிவிட்டு வருவேன். ஆடி பிறந்தபோது நானூற்றுப் பத்து குடங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு எண்ணுவதற்குப் போகவில்லை. தெருவில் எல்லோரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் இசக்கியம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"மைனி, நான் ஒண்ணும் கேக்க வரல. கன்னுக்குட்டி நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடக்கு. டேங்கர் தண்ணி மனுசருக்கே பத்தல. அத மட்டும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"சொல்லிட்டேல்லா. போ."

அவள் போய்விட்டாள். செல்லக்கனி வெகுநேரம் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "நம்ம சுவருல எது வெள்ளையா இருக்கு?" என்று கேட்டாள்.

எதுவும் வெள்ளையாக இல்லை. நான் சுண்ணாம்பு கரைத்து உள்சுவரை அடித்தேன். இரண்டு கை அடித்தேன், மூலையில் திட்டு இருந்த இடத்தில் மூன்று. காய்ந்ததும் குடத்தைச் சுவருக்கு எதிரே சாய்த்து வைத்தோம். முதல் நாள் செல்லக்கனி சுவருக்கும் குடத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் அவளைத்தான் பார்த்தது. அதற்கு அடுத்த நாள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு இன்னும் ஒரு முழம். நான் அவளை நகரச் சொல்லவில்லை. அவளே நகர்ந்தாள்.

தண்ணீர் முதலில் லாரியின் சக்கரங்களை மறந்தது. தார்ப்பாய் மட்டும் சாலையில் மிதந்துபோனது. அப்புறம் சாலை போனது. அப்புறம் அவனுடைய சட்டை. முகம் போன பிறகும் சீப்பு மட்டும் தனியாக நின்று வாரிக்கொண்டிருந்தது. செல்லக்கனி அதைப் பார்த்துக்கொண்டே தன் தலையைத் தடவிக்கொண்டாள். மறுநாள் சீப்பும் இல்லை. மீட்டர் சத்தமே போடவில்லை.

"நல்லா மறந்திருக்கு" என்றார் மேடம். அதைப் பாராட்டாகச் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு அவருக்கே வருத்தமாக இருந்தது போலத் தெரிந்தது. எங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.

நானூற்றுப் பதினொரு குடங்களையும் ஒன்றாக ஊற்றினோம். கன்றுக்குட்டிதான் முதலில் குடித்தது. ஆனால் குனிந்து குடிக்கையில் தண்ணீரில் கன்றுக்குட்டி தெரியவில்லை. நாங்கள் எட்டிப் பார்த்தபோது எங்களையும் காணவில்லை. குளம் ஊரையே மறந்திருந்தது. முகம் எந்தப் பக்கம் என்று அதனிடமே கேட்டுப் பார்த்தார்கள். அதையும் மறந்திருந்தது.

இதற்கும் விதி இருந்தது. ஆகாயத்தை மேடமே குளத்துக்கு அறிமுகம் செய்துவைத்தார். மற்றவர்கள் வரிசையில் வந்து, தங்கள் முகம் எப்படி இருக்கும் என்று தண்ணீரிடம் தாங்களே சொல்ல வேண்டும். சொன்னபடி அது காட்டும். பால்பாண்டி தனக்குத் தலை நிறைய முடி என்று சொன்னார். குளம் நம்பியது. அவர் இன்றைக்கும் குளிக்க வந்தால் சீக்கிரம் கரையேறுவதில்லை. நான் என் முறை வந்ததும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கன்னத்து மருவையும் விடவில்லை.

எனக்கு அடுத்து செல்லக்கனி. அவள் மூன்றாவது படியில் இறங்கிக் குனிந்தாள்.

"வயசு இருபத்திரெண்டு" என்றாள். "அகல நெத்தி. முன்பல்லு ஒண்ணு லேசா ஒடைஞ்சிருக்கும். மீசை இப்பத்தான் அடர்த்தியா வருது. இடது புருவத்துல ஒரு தழும்பு."

நான் ஆட்கள் முன்னால் பேசுகிறவன் இல்லை. ஆனால் தவறானதைக் கேட்டுக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

"வலது புருவம்" என்றேன்.

"ஆமா, வலது" என்று செல்லக்கனி தண்ணீரிடம் திருத்திச் சொன்னாள்.

ஹெலன் மேடம் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு, "அடுத்த ஆள் வாங்க" என்றார்.

அன்றிலிருந்து செல்லக்கனி குனிந்தால் தண்ணீரில் தவசிமுத்து குனிகிறான். பெண்கள் படித்துறையில் ஓர் இளைஞன் தெரிவதை மற்றவர்கள் விரும்பவில்லை. அதனால் அவள் ஆண்கள் படித்துறைக்கு மாறிக்கொண்டாள். அங்கே யாரும் எதுவும் சொல்வதில்லை. பாலம் வேலை இன்னும் முடியவில்லை, லாரி கரை வழியாகத்தான் போகிறது. செவ்வாய்க்கிழமை விசில் கேட்டதும் செல்லக்கனி மூன்றாவது படிக்குப் போய்ச் சாலைக்கு முதுகைக் காட்டி நிற்பாள். தண்ணீரில் அவனும் திரும்பிக்கொள்வான். அவனைப் பார்த்துக் குளமும் திரும்பிக்கொள்ளும். நான் திருகைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

போன வாரம் செல்லக்கனி, "முடி காதை மறைக்குது" என்றாள். அவளுடைய முடி கொண்டையில்தான் இருந்தது. புதன்கிழமை நான் போய், முடி வெட்டுகிற குருசாமியைப் படித்துறைக்குக் கூட்டிவந்தேன். அவர் செல்லக்கனியை மூன்றாவது படியில் உட்கார வைத்து, தோளில் துணியைப் போர்த்தி, கத்தரிக்கோலைத் தண்ணீருக்குள் விட்டார்.

"பின்னால மிஷின் போட்டுரவா அண்ணாச்சி?"

"வேண்டாம். அவனுக்குப் பிடிக்காது."

வேலை முடிந்ததும் குருசாமி கைக்கண்ணாடியைத் தண்ணீரின் பக்கம் காட்டிப் பிடித்தார். தவசிமுத்து இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தான். செல்லக்கனியின் இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன. அவன் வாரி முடிக்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தோம். வெட்டிய முடி மிதந்து மடைப்பக்கம் வந்தது. நான் அதைச் சல்லடையில் வாரி எடுத்துவிட்டு, வயலுக்குத் தண்ணீரைத் திறந்தேன்.